மருந்தை மறுக்கும் அரசு மருத்துவத்தை மறுக்கக் கூடாது

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு எனக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. விடுமுறை நாள்களில் மூடுபனி பார்க்க வருவோருக்கு அது சுற்றுலாத் தலம். தேயிலைத் தோட்ட லயங்களில் குடியிருப்போருக்கும், சுற்றியுள்ள காடுகளில் வாழும் காணிப் பழங்குடியினருக்கும் அது அன்றாடப் பிழைப்பு நடக்கும் இடம். மழைக்காலத்தில் இந்த மலையில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், அது தானாகவே அடங்கிப்போகும் வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். புதர்களில் இருக்கும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸாகவும் இருக்கலாம். முதலாவதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை தேவையே இல்லை. மற்ற இரண்டுக்கும் சரியான ஆன்டிபயாடிக்கை நாள் கடத்தாமல் தொடங்காவிட்டால் சிறுநீரகம், நுரையீரல் என ஒவ்வோர் உறுப்பாகப் பழுதாகி உயிரே போகலாம். மலையும் மாதமும் அறிகுறியும் ஒன்றுதான். ஆனால், ஒருவருக்கு அந்த மாத்திரையைக் கொடுப்பது தவறு, இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருப்பது பெருந்தவறு. கிருமிகள் பெறும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பாற்றல் பற்றிய நமது பொது விவாதம் இந்த இருவரில் முதலாமவரை மட்டுமே கண்ணில் வைத்துக்கொண்டு நடக்கிறது. இரண்டாமவரையும் சேர்த்துப் பார்க்காத எந்தக் கொள்கையும் எதிர்ப்பாற்றலைத் தடுக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைப் பேசுவதற்குக் கேரளத்தைவிடப் பொருத்தமான மாநிலம் இந்தியாவில் இல்லை. எதிர்ப்பாற்றலைத் தடுப்பதற்கான மாநிலச் செயல்திட்டத்தை நாட்டிலேயே முதலில் வகுத்தது கேரளம்தான். ‘கார்சாப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அத்திட்டம் 2018இல் தொடங்கியது. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது என்பதை மருத்துவமனை ஆய்வகங்களிலிருந்து திரட்டி, மாநில அளவிலான ஆன்டிபயோகிராம் அறிக்கையாக அது வெளியிட்டுவருகிறது. 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்துக் கடைகளில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. மருத்துவரின் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கப்படாது என்ற அறிவிப்பு கடைகளில் ஒட்டப்பட்டது. மீறும் கடைகளைப் பற்றி மக்களே புகார் சொல்லவும் வழி செய்யப்பட்டது. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகள் குப்பையிலும் நீர்நிலைகளிலும் கலக்காமலிருக்க, அவற்றைச் சேகரித்து அழிக்கும் ‘என்-ப்ரௌட்’ திட்டமும் 2025இல் தொடங்கப்பட்டது. ஆன்டிபயாடிக் பயன்பாடு 20 முதல் 30% வரை குறைந்திருப்பதாகவும், விற்பனையில் ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய் சரிந்திருப்பதாகவும் மாநில அரசு கூறியிருக்கிறது. மருந்து விற்பனை குறைந்ததை ஓர் அரசு தன் சாதனையாக அறிவிக்கும் துணிவை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும்.

இவ்வளவு கடுமை ஏன் தேவைப்படுகிறது? ஆன்டிபயாடிக் ஒவ்வொரு முறை உடலுக்குள் செல்லும்போதும், அதற்குப் பணியும் பாக்டீரியாக்கள் சாகின்றன; பணியாத சில பிழைத்துப் பெருகுகின்றன. அவை தமது எதிர்ப்பு மரபணுவைத் தம் சந்ததிக்கு மட்டுமல்லாமல், பக்கத்திலிருக்கும் வேறு இனப் பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றிவிடுகின்றன. தேவையற்ற ஒரு மாத்திரையின் விளைவு அதைத் தின்றவரோடு முடிவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் எதிர்ப்பாற்றல் பெற்ற பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தார்கள் என்று ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. 2025 முதல் 2050 வரையிலான காலத்தில் இந்த எண்ணிக்கை மூன்று கோடியே 90 லட்சத்தை எட்டக்கூடும் என்றும், அதில் மிகப் பெரிய பங்கு தெற்காசியாவுடையதாக இருக்கும் என்றும் 2024இல் வந்த தொடர் ஆய்வு எச்சரித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு மையங்களில் கண்டறியப்படும் ஈ.கோலை பாக்டீரியாக்களில், இமிபெனம் என்ற உயர்நிலை மருந்துக்குக் கட்டுப்பட்டவை 2017இல் ஏறத்தாழ 81%. 2023இல் அது 62 சதவீதமளவுக்கு இறங்கிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசிக்கு முந்தைய வாய்ப்பாகக் கையில் எடுக்கும் மருந்து இது. பிரசவம், இதய அறுவை சிகிச்சை, புற்றுநோய்க்கான கீமோதெரபி, குறைமாதக் குழந்தைப் பராமரிப்பு என நவீன மருத்துவத்தின் சாதனைகள் எல்லாமே தொற்றை அடக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கின்றன. அந்த நம்பிக்கைதான் இப்போது ஆட்டம் காண்கிறது.

ஆனால், இந்தப் புள்ளிவிவரங்களிலிருந்து ‘இந்தியர்கள் கண்டபடி ஆன்டிபயாடிக் தின்கிறார்கள், அதைக் குறைத்தால் போதும்’ என்ற முடிவுக்கு வருவது அவசரம். தனியார் சந்தையில் 2019இல் விற்ற மருந்துகளை அலசி, லான்செட் குழும இதழொன்றில் 2022இல் வெளியான ஆய்வைப் பார்க்கலாம். தலைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால், இந்தியாவின் ஆன்டிபயாடிக் நுகர்வு பல நாடுகளைவிடக் குறைவு. அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது? எந்த மருந்தை உட்கொள்கிறோம் என்பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரிக்கிறது: முதல் தேர்வாக எங்கும் கிடைக்க வேண்டியவை, கண்காணித்துப் பயன்படுத்த வேண்டியவை, கடைசி ஆயுதமாகக் காத்து வைக்க வேண்டியவை. இந்தியாவில் விற்றவற்றில் முதல் வகை 27% மட்டுமே. இரண்டாம் வகை 55% அளவுக்கு இருந்தது. தனி மருந்தாக அதிகம் விற்றது அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை. விற்றவற்றில் ஏறத்தாழப் பாதி, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெறாத தயாரிப்புகள். ஆக, நாம் அளவில் அதிகம் உண்பவர்கள் அல்லர். தவறான மருந்தைத் தவறான நோய்க்கு, பாதி நாள்களுக்கு உண்பவர்கள். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, விற்பனைத் தொகை குறைந்ததை மட்டும் வெற்றியின் அளவுகோலாக வைத்துக்கொண்டால், சரியான மருந்து சரியானவருக்குப் போய்ச் சேராததும் அதே கணக்கில் வெற்றியாகவே பதிவாகிவிடும்.

மருந்து போய்ச் சேராததால் நேரும் சாவுகள் குறைவானவை அல்ல. எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய நேரத்தில் ஆன்டிபயாடிக் கிடைத்தால், நிமோனியாவால் இறக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.45 லட்சம் பேரைக் காப்பாற்றலாம் என்று 2016இல் லான்செட்டில் வந்த கட்டுரை கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது அமாக்ஸிசிலின் போன்ற விலை மலிந்த, பழைய மருந்துதான். மருந்துகளின் ஏணியில் மறுமுனையிலும் இதே நிலை. இமிபெனம் சேர்ந்த கார்பபெனம் வகை மருந்துகளுக்கும் அடங்காத தொற்றுக்கு ஆளானவர்களில் எத்தனை பேருக்கு உரிய மருந்து கிடைத்தது என்று, இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகளின் 2019ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. ஏறத்தாழ 15 லட்சம் நோயாளிகளில் 6.9% பேருக்கு மட்டுமே உரிய சிகிச்சை கிடைத்திருக்கக்கூடும் என்றது அது. இந்தியாவுக்கான விகிதம் 7.8%. நாடு முழுவதும் ஆன்டிபயாடிக் மிகையாகப் புழங்குகிறது என்ற நமது பொதுப்புரிதலின் அடியில், மிகவும் தேவைப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது கிடைக்கவே இல்லை என்ற உண்மை புதைந்திருக்கிறது. மிகையும் பற்றாக்குறையும் இங்கே ஒன்றையொன்று வளர்க்கின்றன. நோயைக் கண்டறிந்து சொல்ல ஆளில்லாத இடத்தில் மக்கள் தோராயமாக ஒரு மாத்திரையை வாங்குகிறார்கள்; அந்தத் தோராயம் எதிர்ப்பாற்றலை வளர்க்கிறது; வளர்ந்த எதிர்ப்பாற்றல் விலை உயர்ந்த மருந்தைக் கேட்கிறது; அதை அவர்களால் வாங்க முடிவதில்லை.

பொன்முடி போன்ற மலைப் பகுதியில் இந்தச் சுழல் எப்படி இயங்கும் என்பதற்கு ஸ்க்ரப் டைபஸ் நல்ல எடுத்துக்காட்டு. இந்நோய்க்கு டாக்ஸிசைக்ளின் நன்றாக வேலை செய்யும், அசித்ரோமைசினும் உதவும். ஆனால், காய்ச்சலுக்கென்று கடையில் கேட்டால் வழக்கமாகக் கைக்கு வரும் அமாக்ஸிசிலினோ செஃபிக்சிமோ இந்தக் கிருமியை எதுவும் செய்யாது. கிருமி மனித உயிரணுவுக்குள் புகுந்து வாழ்வது. அதற்குச் செல்சுவரைத் தாக்கும் மருந்துகள் பயன்படா. மாத்திரை சாப்பிட்டாயிற்று, இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்கும் அந்த நேரத்தில் நோய் முற்றிவிடும். இப்படிப்பட்ட ஒரு மாத்திரை இரண்டு தீங்குகளைச் செய்கிறது: நோயாளியை ஆபத்தில் தள்ளுகிறது, அவர் குடலில் இருக்கும் வேறு பாக்டீரியாக்களுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கிறது. எலிக்காய்ச்சலோ இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பரவியபோது, சேற்றிலும் வெள்ளத்திலும் இறங்கி வேலை செய்தவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளினைத் தடுப்பு மருந்தாகக் கேரளச் சுகாதாரத் துறை இலவசமாக வழங்கியது. இன்றும் மழைக்காலந்தோறும் வயல், தோட்டம், வடிகால் வேலைகளுக்குச் செல்வோரிடம் அதையே வலியுறுத்துகிறது. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதே என்று சொல்லும் அதே துறைதான் இந்த ஆன்டிபயாடிக்கை வாங்கிச் சாப்பிடு என்றும் சொல்கிறது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. யாருக்கு, எப்போது, எந்த மருந்து என்பதை அறிவு தீர்மானித்தது. அந்த அறிவை ஊர்க்கோடி வரை கொண்டுசேர்க்கப் பொதுச் சுகாதார ஊழியர்கள் இருந்தார்கள். எதிர்ப்பாற்றலுக்கு எதிரான போராட்டம் முழுவதற்கும் பின்பற்றத்தக்க முன்மாதிரி இதுதான்.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானது. ‘மருத்துவர் இல்லாத ஊரில் மருந்துக் கடைக்காரர்தான் ஏழையின் மருத்துவர். அங்கே போய்ச் சீட்டைக் கேட்டால் ஏழைதான் அடிபடுவார். மலையிலிருந்து கீழே இறங்கி விதுரா அரசு மருத்துவமனைக்குப் போய்வரும் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போய்விடும். சட்டம் பணக்காரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ஏழைக்கு ஒரு நாள் பட்டினி’ என்கிறார்கள். இதை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சென்னையில் 2012 ஆகஸ்டில் தொற்றுநோய் மருத்துவர்கள் கூடி, மருத்துவர் அப்துல் கஃபூரின் முயற்சியில் உருவாக்கிய ‘சென்னைப் பிரகடனம்’ இந்த மறுப்பை முன்கூட்டியே உணர்ந்திருந்தது. ஒரே நாளில் எல்லா ஆன்டிபயாடிக்குகளையும் சீட்டுக்குள் அடைத்துவிடும் முழுமையான திட்டத்தைக் காட்டிலும், உயர்நிலை மருந்துகளில் தொடங்கிப் படிப்படியாகச் செல்லும், நடைமுறைக்கு ஒத்துவரும் திட்டமே இந்தியாவுக்குத் தேவை என்றது. மத்திய அரசு 2013இல் அறிவித்து, 2014 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ‘ஹெச்1’ அட்டவணை அந்தப் பாதையில்தான் அமைந்தது. அதிலுள்ள 46 மருந்துகளை விற்கும் கடை, வாங்கியவர், எழுதிய மருத்துவர் ஆகியோரின் விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஆகவே, ஏழைகளின் நிலையைக் கருதிப் பார்க்கும் ஒழுங்குமுறை சாத்தியமே.

ஆனால், இந்த மறுப்பு பாதி தூரம்தான் செல்கிறது. கடையில் ஏழைக்குக் கிடைப்பது மருத்துவம்தானா என்று அது கேட்பதில்லை. காசுக்குத் தக்கபடி இரண்டு மாத்திரையை வெட்டிக் கொடுக்கும் கடையில் நோயறிதல் இல்லை, முழு அளவு இல்லை, மூன்றாம் நாள் எப்படி இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் தமது நோபல் உரையிலேயே இந்த ஆபத்தைச் சுட்டினார்: யாரும் கடையில் வாங்கலாம் என்ற நிலை வந்து, அறியாதவர் குறைந்த அளவில் உட்கொண்டால், கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்றார். எதிர்ப்பாற்றலின் விலையை முதலில் கொடுப்பவரும் ஏழைதான். முதல் நிலை மருந்து வேலை செய்யாமல் போனால், வசதியுள்ளவர் தனியார் மருத்துவமனையில் நாளொன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஊசிகளைப் போட்டுக்கொண்டு பிழைப்பார். லயத்தில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பில்லை. எனவே, ஏழைகளின் பெயரால் கடையைத் திறந்துவிடச் சொல்வது ஏழைகளுக்கே எதிரான வாதமாக முடிகிறது. அந்த மறுப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு: கடையில் மறுக்கப்படும் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஈடாக, நடந்து போகும் தூரத்தில் ஒரு பரிசோதனையும் ஓர் ஆலோசனையும் தேவைப்பட்டால் முழு அளவு மருந்தும் இலவசமாகக் கிடைத்தாக வேண்டும். கடையின் கதவை மூடும் உரிமை, சுகாதார நிலையத்தின் கதவைத் திறந்து வைத்திருக்கும் அரசுக்கு மட்டுமே உண்டு.

இது வெறும் அறக்கூற்று அல்ல. மற்ற நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. சிலி நாடு 1999இல் சீட்டில்லா விற்பனையைக் கடுமையாகத் தடுத்தது. ஆன்டிபயாடிக் நுகர்வு முதலில் நன்றாகக் குறைந்தது. கண்காணிப்பு தளர்ந்த பின்னர் படிப்படியாக மீண்டும் ஏறியது. தாய்லாந்து 2007இல் வேறு வழியைத் தொடங்கியது. சளி, சாதாரண வயிற்றுப்போக்கு, சுத்தமான சிறுகாயம் ஆகிய மூன்றுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்றுவித்தது; வெறுங்கையோடு திரும்ப விரும்பாத நோயாளிகளுக்கு நமக்குப் பழக்கமான நிலவேம்பு வகை மூலிகை மருந்துகளைக் கொடுத்தனுப்பவும் வழி செய்தது. எல்லாருக்கும் காப்பீடும் ஊர்தோறும் சுகாதார நிலையமும் உள்ள நாடு அது. மறுப்பதற்கு முன் அங்கே ஒரு மாற்று இருந்தது. சோதனையும் தண்டனையும் தொடக்க வேகத்தைத் தரும். தொடர்ந்து நிற்பதற்கு மாற்று ஏற்பாடு தேவை.

பொன்முடிக்கு அந்த மாற்று எப்படி இருக்க வேண்டும்? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கும் குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி செய்து தரும் கடமையைத் தோட்ட முதலாளியிடம் ஒப்படைத்தது. தோட்டம் நொடிந்தால் அந்தக் கடமையும் நொடிந்துவிடுகிறது. பொன்முடிக்கு அருகே போணக்காடு தோட்டத்தில் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் ஊதியமே இல்லாமல் தவித்தது பலரும் அறிந்த செய்தி. கூலியே வராத இடத்தில் மருந்தகத்தை யாரும் எதிர்பார்க்க முடியாது. எனவே, நலிந்த தோட்டங்களில் அந்தக் கடமையை அரசு நேரடியாக ஏற்க வேண்டும். கேரளத்தின் ஆர்த்ரம் திட்டம் 2017 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றி, மாலை வரை புறநோயாளிகளைப் பார்க்கச் செய்திருக்கிறது. கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வருபவருக்கு உதவும் ஏற்பாடு இது. மலைப் பகுதிகளில் நடமாடும் மருத்துவக் குழுவாக அந்த மையம் லயம் வரை ஏற வேண்டும். அமாக்ஸிசிலினும் டாக்ஸிசைக்ளினும் எந்த மாதத்திலும் இருப்பில் இல்லாமல் போகக் கூடாது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே எலிக்காய்ச்சல், டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் மூன்றையும் மனத்தில் வைத்து உடம்பைப் பரிசோதிக்கவும், ரத்த மாதிரியைக் கீழே அனுப்பவும், எழுதிவைத்த நெறிமுறைப்படி முதல் வேளை மருந்தைத் தொடங்கவும், தொலைமருத்துவத்தில் மருத்துவரைக் கேட்கவும் செவிலியருக்குப் பயிற்சியும் அதிகாரமும் தர வேண்டும். தோட்டத் தொழிலாளர்களில் கணிசமானோர் தமிழ் பேசுவோர் என்பதால், விழிப்புணர்வுச் சுவரொட்டி மலையாளத்தில் மட்டும் இருந்தால் போதாது. மருந்துக் கடைகளையும் எதிரியாகப் பார்க்கத் தேவையில்லை: சீட்டில்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பும் மருந்தாளுநர், எந்த மையத்துக்கு எந்த நேரத்தில் போக வேண்டும் என்று எழுதிய பரிந்துரைத் துண்டைக் கையில் கொடுத்தனுப்பலாம்.

இரண்டாவது மறுப்பு: ‘பெரிய குற்றவாளிகள் மருத்துவமனைகளும் கோழிப் பண்ணைகளும், சாதாரண மக்களையும் கடைக்காரரையும் ஏன் பிடிக்கிறீர்கள்?’ இதிலும் உண்மை இருக்கிறது. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-22இல் 20 பெரிய மருத்துவமனைகளில் ஆய்வு செய்தபோது, உள்நோயாளிகளில் 71.9% பேருக்கு ஆன்டிபயாடிக் தரப்பட்டிருந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வரக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கையாகவே கொடுக்கப்பட்டது. சிகிச்சைக்காகப் பெற்றவர்களிலும் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான் கிருமி இன்னதென்று உறுதிசெய்த பிறகு மருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமான கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலப்பதை மத்திய அரசு தடை செய்ததே 2019 ஜூலையில்தான். ஆனால், ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பது மற்றொன்றைத் திறந்துவைக்கக் காரணம் ஆகாது. மருத்துவமனை, பண்ணை, கடை, மருந்தாலைக் கழிவு ஆகிய நான்கும் ஒரே மரபணுக் கூட்டத்தைத்தான் வளர்க்கின்றன. ஒன்றில் உருவாகும் எதிர்ப்பு மற்றவற்றுக்கும் போகும். மருத்துவமனைகளைத் திருத்தும் வழியும் நாம் முன்பு கண்டதே: அங்கும் சிக்கல் அறிவின் பற்றாக்குறைதான். மாதிரி எடுத்து வளர்த்துப் பார்க்கும் நுண்ணுயிரியல் ஆய்வகம் மாவட்ட, தாலுகா மருத்துவமனைகள் தோறும் இருந்து, முடிவு இரண்டு நாளில் கைக்கு வந்தால்தான் மருத்துவர் பல கிருமிகளைத் தாக்கும் அகலமான மருந்தை விட்டு, குறிப்பிட்ட கிருமியைத் தாக்கும் குறுகிய மருந்துக்கு இறங்கத் துணிவார். ஆய்வகம் தராமல் அறிவுரை தருவதில் பயனில்லை. அதேபோல, ஆன்டிபயாடிக் எழுதும்போது காரணத்தையும் சீட்டில் குறிப்பிடுமாறு மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோளாகவே நின்றுவிடாமல் விதியாக வேண்டும்.

மூன்றாவதாக, ‘விஞ்ஞானம் புது மருந்து கொண்டுவரும்’ என்ற நம்பிக்கை. வருகிறது, தமிழ்நாட்டிலிருந்தே வருகிறது. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம் சேர்ந்த கூட்டு மருந்துக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால், இந்தத் துறையின் பொருளாதாரத்தை மறக்கக் கூடாது. நல்ல ஆன்டிபயாடிக் என்றால் அதைக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும்; குறைவாக விற்றால் கம்பெனிக்கு நட்டம். பிளாசோமைசின் என்ற புது மருந்துக்கு 2018இல் ஒப்புதல் பெற்ற அமெரிக்காவின் அக்கேயோஜென் நிறுவனம் மறு ஆண்டே திவாலானது. புதிய மருந்து விற்பனை எண்ணிக்கையை நம்பியிருக்கும் வரை இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: கம்பெனி அதைக் கண்டபடி விற்கும், அல்லது ஏழைக்கு எட்டாத விலையில் வைக்கும். தமிழ்நாடு 1994இல் மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, மொத்தக் கொள்முதல் வழியே அரசு மருத்துவமனைகளுக்குத் தரமான மருந்தை மலிவாகக் கொண்டுவந்து காட்டியது. கேரளமும் பின்னர் அதே வழியில் தன் கழகத்தை நிறுவியது. கடைசி நிலை ஆன்டிபயாடிக்குகளையும் இரு மாநிலங்களும் கூட்டாகக் கொள்முதல் செய்து, அரசு மருத்துவக் கல்லூரிகளின் தொற்றுநோய்க் குழுவின் ஒப்புதலோடு மட்டும் இலவசமாக வழங்கலாம். மருந்தும் காக்கப்படும், நோயாளியும் காக்கப்படுவார்.

‘தேவையில்லாவிட்டாலும் ஒரு கோர்ஸ் போட்டுவைத்தால் என்ன கெட்டுவிடும்?’ என்பது படித்தவர்களிடமும் கேட்கும் கேள்வி. கெடுகிறது. பென்சிலின் வகை மருந்துகள் சிலருக்கு உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஒவ்வாமையைத் தூண்டும். குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் சி.டிஃபிசில் என்ற கிருமி பெருகிக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் தசைநாண்களைக் கிழிக்கும் ஆபத்து உள்ளவை. மருந்தின் தரம்கூட உறுதியில்லை என்பதை 2025 அக்டோபர் நமக்குக் கொடூரமாகக் காட்டியது: காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் அனுமதிக்கப்பட்ட 0.1 சதவீதத்துக்குப் பதிலாக 48.6% டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சு இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அது ஆன்டிபயாடிக் அல்ல. ஆனால், எந்த மருந்தும் விளையாட்டுப் பொருள் அல்ல என்பதற்கும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போதிய ஆய்வாளர்களும் ஆய்வகங்களும் இல்லாமல் எந்தச் சீர்திருத்தமும் நிற்காது என்பதற்கும் அது சான்று. வீரியம் குறைந்த போலி ஆன்டிபயாடிக், கிருமியைக் கொல்லாமல் பழக்கப்படுத்தி மட்டும் விடும்.

பொன்முடி மலைத்தொடருக்கு அப்பால் தமிழ்நாடு. கேரளத்தில் மறுக்கப்படும் மாத்திரை, எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டிக் கிடைக்குமானால் அங்கே செய்த பணி இங்கே வீணாகும். தமிழ்நாடு கேரளத்தின் துணிவைக் கற்க வேண்டும். கேரளம் தன் துணிவை முழுமையாக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் பொது அவை 2024 செப்டம்பரில் ஏற்ற அரசியல் பிரகடனம், 2030க்குள் எதிர்ப்பாற்றலோடு தொடர்புள்ள இறப்புகளை 10% குறைப்பதோடு, மனிதர்களுக்குப் பயன்படும் ஆன்டிபயாடிக்கில் 70% முதல் தேர்வு வகையாக இருக்க வேண்டும் என்றும் இலக்கு வைத்திருக்கிறது. இரண்டாவது இலக்கைக் கவனியுங்கள்: ‘குறை’ என்று மட்டும் அது சொல்லவில்லை, சரியானதைக் கொடு என்கிறது. ஆகவே, அடுத்த முறை கேரள அரசு விற்பனைச் சரிவை அறிவிக்கும்போது, இன்னும் மூன்று எண்களையும் சேர்த்து அறிவிக்கட்டும்: முதல் தேர்வு மருந்துகளின் பங்கு எத்தனை சதவீதம் உயர்ந்தது, எலிக்காய்ச்சலுக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும் காய்ச்சல் கண்ட எத்தனையாவது நாளில் சிகிச்சை தொடங்கியது, தோட்டங்களிலும் பழங்குடி ஊர்களிலும் எத்தனை நாள்கள் அடிப்படை ஆன்டிபயாடிக் இருப்பில் இல்லாமல் போனது. சோதனையில் பிடிபட்ட கடைகளின் எண்ணிக்கையோடு இந்த எண்களும் மாதந்தோறும் மாவட்டவாரியாக வெளிவந்தால், மருந்தைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் ஒரே பணி என்பதை இந்தியாவின் மற்ற மாநிலங்களுக்குக் கேரளம் நிரூபித்துக் காட்டலாம். அதற்கான ஊழியர்களும் கட்டமைப்பும் மக்கள் ஒத்துழைப்பும் அந்த மாநிலத்திடம் இருக்கின்றன. இனித் தேவைப்படுவது, மறுப்பதில் காட்டிய உறுதியைக் கொடுப்பதிலும் காட்டும் அரசியல் முடிவு மட்டுமே.